அசல் குறையாது

பேட்டவாய்த்தலை வருவதற்குள்ளேயே துளசிமணி அக்காவின் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. கரூர் பஸ் குலுங்கினதில் இடித்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன், அப்புறம் மெல்ல மெல்லக் கனம் இறங்கியது, தூங்குகிற ஆளின் தலைக்கு மட்டும் வருகிற கனம், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, மூச்சு என் ஜாக்கெட் கையில் சூடாகப் பட்டுப் பட்டுப் போகிறது. இவளால் எப்படித் தூங்க முடிகிறது இப்போது. வருமான வரி ஆபீசில் அந்த அதிகாரி சொன்னதை நானும்தான் கேட்டேன், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தோம், தலைக்கு மேலே ஒரே ஃபேன். அவர் சொல்லி முடித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை, திருச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கின தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூடக் கை வரவில்லை. இவள் என்னடாவென்றால் கண்டக்டரிடம் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கி, பர்சில் போட்டு, பையை மடியில் வைத்து, அதன் வாரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "புலியூர் வந்தா எழுப்புங்க வாணி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பு, தோப்பு முடிந்தால் வாய்க்கால், மறுபடி வாழைத்தோப்பு. வயதில் என்னைவிடச் சின்னவள்தான். என் வீட்டுக்காரரின் அண்ணன் பெரியவருக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் எங்களுக்கு அப்புறம்தான் நடந்தது, அதனால் அந்த வீட்டுக்கு முதலில் வந்த மருமகள் நான், பின்னால் வந்தும் மூத்த மருமகள் இவள். அக்கா என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். பல வருஷம் நான் எதுவுமே கூப்பிடாமல் சமாளித்தேன். "இங்க பாருங்க", "இதை எடுத்துக்கங்க", அவ்வளவுதான். பெரியவர் போன அன்றைக்குத்தான் முதல்முதலாக அக்கா என்று வாயில் வந்தது, அதுவும் அழுகையோடு அழுகையாக, அவளுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ.

என்னை எதற்கு அழைத்துக்கொண்டு போனாள்? காலையிலிருந்து மனசு திரும்பத் திரும்ப இங்கேயே வந்து மாட்டிக்கொள்கிறது. போன வேலை சின்ன வேலை. கம்பெனிக்கு வந்த வரி நோட்டீசுக்கு அப்பீல் போட்ட சமயத்தில் நாங்கள் கட்டின ஆறு லட்சம் அவர்களுடைய கணக்கில் ஏறவில்லை, சலானைக் காட்டி ஏற்றச் சொல்ல வேண்டும். அதற்கு ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒருத்தர் போனால் போதும், ஆடிட்டரே அப்படித்தான் சொன்னார். இவள் நேற்றுச் சாயங்காலம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் இருக்கிற கதவைத் தட்டி, "நாளைக்கு நானும் நீங்களும் திருச்சி போயிட்டு வந்துடலாமுங்க" என்றாள். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். இவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, போறதுன்னா போ என்றார். அவர் வரமாட்டார். அந்த ஆபீஸ் வாசலைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன், ஒரு தடவை படி ஏறாமலே திரும்பி வந்துவிட்டார். ஆக நாங்கள் இரண்டு பேரும் போனோம். சலான் விஷயம் சீக்கிரமே முடிந்தது, அந்த அதிகாரி தன்மையான மனுஷர், கம்ப்யூட்டரில் எதையோ பார்த்து, ஒரு தாளில் குறித்து, ஏத்திடறோம் என்றுவிட்டார். எழுந்திருக்கலாம் என்று நான் பையை எடுக்கிறேன், இவள் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு கேட்டுக்கறேனுங்க சார். வரியில ஏதாச்சும் குறைக்க வழி இருக்குதுங்களா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரியில் ஒரு ரூபாய் குறையாது என்று எங்கள் எல்லோரிடமும் இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவளே இவள்தான். அதற்காக எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இல்லைங்கம்மா. அப்பீல் இருக்கறதால நீங்க இந்தச் சமாதானத் திட்டத்துல வர முடிஞ்சது. வட்டி போயிரும், அபராதம் போயிரும். வரி முழுசாக் கட்டணும். சொன்ன தேதிக்குள்ள கட்டலைன்னா போன வட்டி அபராதம் எல்லாம் திரும்ப வந்து உக்காந்துக்கும்." தவணை கேட்டாள். கிடையாது என்றார். மேலே யாரையாவது பார்த்தால் என்று கேட்டாள். மேலே இருக்கறவங்களுக்கும் இதே சட்டம்தாம்மா என்றார். அப்புறம் இவள் என் பக்கம் திரும்பினாள், முகத்தில் ஒன்றும் இல்லை, ஜெயித்த மாதிரியும் இல்லை, "கேட்டுக்கிட்டீங்களா வாணி" என்றாள்.

கேட்டுக்கொண்டேன். காதால் கேட்பதற்கும் உள்ளே இறங்குவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது. மொத்தம் எழுபது லட்சத்துக்குக் கிட்ட. அதில் வரி முப்பது. கட்டினது ஆறு. பாக்கி இருபத்துநாலு. முன் சீட்டில் ஒரு பெண் குழந்தைக்கு பிஸ்கட் கொடுக்கிறாள், குழந்தை பாதியைக் கடித்துவிட்டு மீதியால் கம்பியைத் தேய்க்கிறது. என் விரல் தானாகவே சீட்டின் ஓரத் தையலைத் தடவிப் பார்க்கிறது, இது இருபது வருஷப் பழக்கம், எந்த பஸ்ஸில் உட்கார்ந்தாலும் கை தையலுக்குப் போகும். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களுக்கு சீட் தைத்துக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. பெரியவரும் இவரும் பங்குதாரர்கள். ரெக்சின், ஃபோம், நூல், இரும்புச் சட்டம் என்று எல்லாமே முன்பணம் கொடுத்து வாங்க வேண்டும், பாடி கட்டுகிறவர்கள் பணம் தருவதோ பஸ் ரோட்டுக்குப் போன பிறகு. நடுவில் வருகிற பள்ளத்தைப் பெரியவர் கைமாற்று வாங்கி நிரப்புவார். மாவு மில்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார், ஒரு நெய்வேலிக்காரர், இப்படி நாலைந்து பேர். பெரியவர் வாயைத் திறந்து கேட்டால் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், தாளில் ஒரு வரி கிடையாது, அவரும் வாங்கி பேங்கில் போட்டுவிடுவார். திருப்பியும் அப்படித்தான் கொடுப்பார். இப்படி ஒரு வருஷம் பேங்கில் போட்ட பணத்தைத்தான் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கடன் என்றால் கொடுத்தவர்களைக் காட்டு என்றார்கள். காட்டவில்லை என்றால் அது உங்கள் வருமானம், அதற்கு வரி. நோட்டீஸ் வந்து கொஞ்ச நாளிலேயே பெரியவர் பட்டறையில் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே சரிந்து விழுந்தார். வராத வருமானத்துக்கு வரி என்று நான் ராத்திரியெல்லாம் புலம்பியிருக்கிறேன். இப்போதுகூட அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வருகிறது. வராத வருமானம். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது, சொல்ல வேண்டிய ஆள் போய்விட்டார், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்தக் கதவுகளுக்கு இவள் போனாள். அதை எங்களிடம் சொல்லவே இல்லை. ஒரு கல்யாணத்தில் மாவு மில்காரரின் சம்சாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இலை போடுகிற சத்தத்துக்கு நடுவில் சொன்னதுதான். "உங்க துளசிமணி வந்தாங்க. இவர் உள்ளே இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னார். நான் வாசல்ல நின்னு, எங்க பேரை எதுக்குங்க இழுக்கறீங்க, அந்தப் பணம் எப்படி வந்ததுன்னு எங்களைக் கேட்டா நாங்க எங்க போறதுன்னு கேட்டுட்டேன். அதுக்கு அவங்க, இழுக்க வரலைங்க, அவர் வாங்கினது உங்களுக்குத் திரும்பி வந்துதான்னு தெரிஞ்சுக்க வந்தேன், பாக்கி இருந்தா சொல்லுங்கன்னாங்க." பாக்கி இருந்திருக்கிறது. பெரியவர் பேரில் இருந்த எல்ஐசி பணம் வந்ததும் முதல் வேலையாகப் போய்க் கொடுத்திருக்கிறாள். எல்லோருக்கும். ஒருத்தரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன் என்ற பிறகும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன், எனக்குத் தெரிந்தது, அதற்கு மேல் யோசிக்கவில்லை. இவளிடம் வந்து, எதுக்குங்க கொடுத்தீங்க, அவங்க நமக்காக ஒரு வார்த்தை சொல்லலையே என்று கேட்டேன். இவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அவங்க பயம் அவங்களுக்கு. நம்ம கடன் நமக்கு. ரெண்டையும் எதுக்குங்க போட்டுக் குழப்பணும்" என்றாள். கிளிப் ஒன்று தவறி விழுந்தது, குனிந்து எடுத்தாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, அதை ஒளிக்க என்ன இருக்கிறது, இப்படி ஒரு ஆளோடு ஒரே கூரைக்கடியில் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, எதைச் செய்தாலும் பக்கத்தில் அளவுகோல் மாதிரி நிற்கிறாள், அவள் நிற்க வேண்டும் என்று நிற்பதும் இல்லை.

குளித்தலையில் பஸ் நிற்கிறது. கொய்யாக் கூடையோடு ஒருத்தி ஜன்னலோரம் வருகிறாள், வேண்டாம் என்று கையை ஆட்டுகிறேன், கையை ஆட்டினதில் தோள் அசைந்து, இவள் தலை நழுவி, மறுபடி அதே இடத்தில் வந்து பொருந்திக்கொள்கிறது. முடியில் எண்ணெய் வாசனை. காதோரம் நரைத்திருக்கிறது, இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. வரியைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு கோயமுத்தூர்க்காரர் வந்த அன்றைக்கும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், ஜன்னலோரத்தில், காய் நறுக்குகிற தட்டோடு. அவரை இவருடைய சிநேகிதர் அழைத்து வந்திருந்தார். தும்பைப்பூ மாதிரி சட்டை, கையில் தோல் பை, உட்கார்ந்ததும் எங்கள் நோட்டீசை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா இவ்வளவு கவலைப்படறீங்க? எழுபதுக்குப் பதினாலு கட்டினா ஃபைலை மூடிடலாம். மேல நமக்கு ஆளு இருக்கு. முதல்ல மூணு லட்சம் கொடுங்க, வேலையை ஆரம்பிச்சுடறேன்." பதினாலு. அந்த எண் அறைக்குள் வந்ததும் இவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். எத்தனை மாதத்துக்கு அப்புறம். எனக்கு அந்த மனுஷர் காலில் விழலாம் போல இருந்தது, உள்ளே போய் நெய் விட்டு ரவா கேசரி கிண்டினேன், சந்தோஷத்தில் முந்திரியை ஒரு கை கூடவே அள்ளிப் போட்டேன். திரும்பி வந்தால், இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: "பதினாலுன்னு எழுதிக் கொடுப்பீங்களா? எந்தத் திட்டத்துல அப்படிக் குறைக்கறாங்கன்னு பேரு சொல்லுங்க, நாங்க விசாரிச்சுக்கறோம். இதுக்கு முன்னாடி நீங்க முடிச்சுக் கொடுத்தவங்க யாராச்சும் ஒருத்தர் நம்பர் கொடுங்க, பேசிப் பாக்கறோம்." அவர் சிரிப்பு கொஞ்சம் மாறினது. இதெல்லாம் எழுத்துல வர்ற விஷயம் இல்லைங்கம்மா என்றார். "அப்ப மூணு லட்சம் மட்டும் எப்படிங்க கைக்கு வரும்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

அவர் போன பிறகு இவர் பேசின பேச்சு இருக்கிறதே. அண்ணன் சம்சாரம் என்றுகூடப் பார்க்கவில்லை. "வந்த வழியை அடைச்சுட்டீங்க. அண்ணன் வாங்கின கடனுக்கு நாங்க தெருவுக்கு வரணுமா" என்றார். நானும் சும்மா இருந்துவிடவில்லை, கேசரித் தட்டை டங்கென்று வைத்தேன். இவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாமுங்க தம்பி. அவர் சரின்னா நானே என் வளையலை வெச்சு அந்த மூணைக் கொடுத்துடறேன்" என்றாள். ஆடிட்டர் பிரகதீஸ்வரன் சரி என்று சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் எனக்கு அவர்மேலும் வெறுப்பாக இருந்தது. "உங்க கிட்ட வீடு இருக்கு. பட்டறை இருக்கு. ஆளுக்கொரு சைட்டு இருக்கு. இருக்கறவங்களுக்கு எதுக்குங்க வரியைக் குறைப்பாங்க? கேஸை நடத்தினா ஜெயிக்கலாம், ஆனா கடன் கொடுத்தவங்க யாரும் வரமாட்டேங்கறாங்க, அப்ப எதை வெச்சு ஜெயிக்கறது? தோத்தா எழுபது எண்பதாகும். இப்ப உங்களால ஆகக்கூடிய பெரிய லாபம் அந்த வட்டியும் அபராதமும் போறதுதான். அது நாப்பது லட்சம். அதைச் சின்னதுன்னு நினைக்காதீங்க." நாங்கள் பதினாலைக் கேட்ட காதோடு போயிருந்தோம், எங்களுக்கு முப்பது என்பது அநியாயமாகப் பட்டது, நாற்பது குறைகிறது என்பது கண்ணிலேயே படவில்லை. இவள் ஒருத்திக்குத்தான் பட்டது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "நாப்பது விட்டுத் தர்றாங்க வாணி" என்றாள், ஏதோ நல்ல சேதி சொல்லுகிற மாதிரி. நான் முன்னால் நடந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் கோயமுத்தூர்க்காரரிடம் பணம் கொடுத்த நூல் கடைக்காரர் ஒருத்தர் அவரைத் தேடி அலைகிறார் என்று கேள்விப்பட்டோம். இவர் அதைக் கேட்டுவிட்டு பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். இவள் அதைப் பற்றி இன்று வரைக்கும் ஒரு வார்த்தை, ஒரு சாடை, ஒரு பார்வை. கிடையாது. நான் காத்துக்கொண்டே இருந்தேன், எப்போது சொல்லிக் காட்டுவாள் என்று. அந்த நூல் கடைக்காரர் பேச்சு வந்தால், பாவம் என்பாள்.

மாயனூர். ஆறு தெரிகிறது, கதவணைப் பக்கம் தண்ணீர் நிறைய நிற்கிறது, வெயில் பட்டுக் கண் கூசுகிறது. தோள் மரத்துப்போய்விட்டது, விரல் நுனிவரைக்கும் எறும்பு ஊர்கிற மாதிரி. எழுப்பலாம். எழுப்பினால் பேச வேண்டி வரும், பேசினால் மத்தியானம் அந்த ஆபீஸ் எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிடும்போது அவள் சொன்னதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். "வெங்கமேட்டு சைட்டைக் கொடுத்துடறேனுங்க. இருபது வரைக்கும் போகும்ங்கறாங்க. மிச்சம் நாலுக்கு நகை இருக்குது." மகள் தேவிகாவுக்கு என்று பெரியவர் வாங்கிப் போட்ட இடம் அது, அந்தப் பெண் சேலத்தில் நர்சிங் படிக்கிறது. நான், தேவிகாவுக்கு என்று இழுத்தேன். "அவகிட்ட கேட்டுட்டேன். கடன்காரி மகளாக் கட்டிக் கொடுக்கறதுக்குப் பதிலா சைட்டு இல்லாம கட்டிக் கொடுக்கலாம்னு சொல்லிடுச்சு" என்றாள், சொல்லிக் கொஞ்சம் சிரித்தாள், மகளை நினைத்த சிரிப்பு. அப்போது எனக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அப்பாடா என்று இருந்தது. முழுக்க அவளே கட்டிவிடுவாள், எங்கள் ஆண்டாங்கோயில் சைட்டு பிழைத்தது, அதில் நான் மனசுக்குள் கட்டி வைத்திருக்கிற வீட்டின் மாடிப்படிகூட அப்படியே இருக்கும். அந்த நிம்மதி வந்த வேகத்தில் சாதம் இன்னும் இரண்டு கை உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் இந்தத் தவிப்பு. அதிகாரி சொன்னதால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போலிருக்கிறது. பங்கு போட வேண்டிய கடன், இரண்டு பேர் பேரிலும் வந்த நோட்டீஸ், பாதி எங்களுடையது, சட்டத்திலும் பாதி, நியாயத்திலும் பாதி. அதை அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு இடம் கிடைத்திருக்கும். அவள் செய்ததெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வியைத் தெரியாதவள் மாதிரி எனக்காகக் கேட்டதுதான். இவர் அவள் பேச்சை நம்ப மாட்டார், ஆடிட்டர் பேச்சை நம்ப மாட்டார். நான் சொன்னால் நம்புவார். நான் சொல்ல வேண்டுமென்றால் நான் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவுதானா. இதற்குத்தானா காலையிலிருந்து முட்டிக்கொண்டிருந்தேன். தந்திரம் என்றுகூடச் சொல்லலாம் இதை, ஆனால் தந்திரம் பண்ணுகிறவர்கள் இப்படி வாயைத் திறந்துகொண்டு அடுத்தவர் தோளில் தூங்குவார்களா. எப்பேர்ப்பட்ட ஆள் இது. புருஷனைத் தூக்கிக்கொண்டு போன அதே கடனை, ஒரு வருஷமாக, திட்டு வாங்கிக்கொண்டு, யாரையும் திருப்பித் திட்டாமல், எழுபதிலிருந்து முப்பதுக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாள், அதற்கு ஒரு சபாஷ்கூட யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

போன் அடிக்கிறது. இடது கையால் எடுக்க முடியவில்லை, அது இவள் பக்கத்துக் கை, வலது கையை வளைத்துப் பைக்குள் விட்டுத் துழாவி எடுக்கிறேன். இவர்தான். "என்னாச்சு? எவ்வளவு குறைச்சாங்க?" எடுத்ததும் அந்தக் கேள்வி. குரலில் இன்னும் ஒரு ஆசை இருக்கிறது, அந்தப் பதினாலு அவருக்குள் எங்கேயோ இன்னும் உட்கார்ந்திருக்கிறது, பாவமாக இருக்கிறது. ஏதாவது பூசி மெழுகிச் சொல்லலாம், வீட்டுக்கு வந்து பேசிக்கலாம் என்று சொல்லலாம், இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். "ஆறு லட்சத்தை ஏத்திட்டாங்க" என்றேன். "சரி. வரியில?" "குறையாது." "அண்ணி கேட்டாங்களா, நீ கேட்டியா?" "நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வட்டியும் அபராதமும்தான் போகும். வரியில ஒரு ரூபா குறையாது. தவணையும் கிடையாது. யாரைப் பாத்தாலும் அதேதானாம். என் காதால கேட்டேன்." பட்டறையில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் போனுக்குள் வருகிறது, ஒன்று நிற்கிறது, இன்னொன்று ஓடுகிறது. "இருபத்துநாலுக்கு எங்க போறது வாணி" என்றார், சண்டை போடுகிற குரலாக இல்லை, ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னைக் கேட்கிற குரலாக இருந்தது. என் வாய் முந்திக்கொண்டது. நான் யோசித்து வைத்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது, மாயனூர் வரைக்கும் எனக்கே அது தெரியாது. "நம்ம ஆண்டாங்கோயில் சைட்டை வித்துடலாமுங்க. அவங்க பாதி அவங்க கட்டட்டும், நம்ம பாதியை நாம கட்டிடலாம்." சொன்னதும் கண்முன்னால் வந்து நின்றது அந்த மாடிப்படி. "நீயா சொல்றே?" என்றார். "நான்தான் சொல்றேன்." "அண்ணிக்குத் தெரியுமா?" "தூங்கறாங்க." "சரி" என்றார். அப்புறம், "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டார். அண்ணி சாப்பிட்டாரா என்று அவர் கேட்டு எத்தனை நாள் ஆகிறது. சாப்பிட்டோம் என்றேன்.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயம் போகவில்லை. விலை படியுமா, அந்தத் தேதிக்குள் பத்திரம் முடியுமா, ராத்திரி இவர் மனசு மாறி, உன்னை யார் வாக்குக் கொடுக்கச் சொன்னது என்று கேட்டால் என்ன பண்ணுவது, மகன் பிரதீப் ஓசூரிலிருந்து கூப்பிட்டு அம்மா உனக்கென்ன பைத்தியமா என்பான். எல்லாம் வரிசையாக வருகிறது, வரட்டும். தண்ணீர் பாட்டிலை மடியில் இடுக்கித் திறந்து ஒரு வாய் குடிக்கிறேன். புலியூர் சிமெண்ட் புகைக்கூண்டு தெரிகிறது. எழுப்ப வேண்டும். "அக்கா" என்றேன். அசையவில்லை. "அக்கா, புலியூர்." கண்ணைத் திறந்து, தலையை நிமிர்த்தி, முந்தானையால் வாயோரத்தைத் துடைத்தாள், என் தோளில் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்து அதையும் துடைத்தாள். "கை மரத்துப்போச்சா? சொல்லக் கூடாதுங்களா?" என்றாள். இல்லை என்றேன். "இவர் போன் பண்ணினாரு. குறையாதுன்னு சொல்லிட்டேன்." "ம்." "ஆண்டாங்கோயில் சைட்டை விக்கலாம்னு சொல்லிட்டேன். பாதிக்குப் பாதி." என் முகத்தைப் பார்த்தாள், கண்ணில் ஒரு நிமிஷம் தண்ணீர் கட்டுவது போல இருந்து, கட்டாமல் நின்றுகொண்டது. பையின் வாரை மணிக்கட்டிலிருந்து பிரித்தாள். "தம்பி என்ன சொன்னாரு?" "சரின்னாரு." "அப்ப என்னோடதுல பாதியும் கொஞ்சம் நகையும் வித்தாப் போதும், சைட்டை ரெண்டாப் பிரிக்க முடியுமான்னு கேக்கணும்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. ரோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்குக் காலைல வெங்கமேட்டு சைட்டைப் பாக்க ஒரு புரோக்கர் வர்றாரு. நீங்களும் வந்துடுங்க. அப்படியே அவரைக் கூட்டிக்கிட்டு ஆண்டாங்கோயிலுக்கும் போயிடலாம். விலையை அவர் சொல்லட்டும், நீங்க முதல்ல சொல்லிடாதீங்க." சரிங்க அக்கா என்றேன். பஸ் காந்திகிராமம் திரும்பும்போதே எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையை என் பக்கம் நீட்டினாள், நான் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.